கால்பந்து மைதானத்தை வரைந்து வட்டவில் கற்போம்

கால்பந்து மைதானத்தை மேலிருந்து பார்த்தால் பெரும்பாலும் நேர்க்கோடுகள்தான். வெளியே ஒரு பெரிய செவ்வகம், நடுவில் ஒரு குறுக்குக் கோடு, இரண்டு கோல்களுக்கும் முன்னால் பெரிதும் சிறிதுமாகச் செவ்வகங்கள். எந்த வரைபட மென்பொருளிலும் இவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மூலைகளின் ஆயத்தொலைவுகளைக் கொடுத்தால் போதும், மென்பொருள் அவற்றை இணைத்துவிடும். மிச்சமிருப்பவை ஏழு வளைகோடுகள். நடுவில் ஒரு முழு வட்டம். பெனால்டி கட்டங்களுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், ரசிகர்கள் 'டி' என்று சொல்லும் இரண்டு வில்கள். நான்கு மூலைகளிலும் நான்கு கால்வட்டங்கள். புதியவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

எந்த இடத்திலிருந்து பந்து உதைக்கப்பட்டது, எது கோல் ஆனது என்று புள்ளி வைத்துக் காட்டும் ஆய்வுப் படங்களுக்கு இந்த மைதானப் படம்தான் அடித்தளம். வட்டவில் வரையப் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. வில் வரையும்போது வரக்கூடிய தொல்லைகளில் அநேகமாக எல்லாமே இந்த ஏழு கோடுகளுக்குள் இருக்கின்றன. அளவுகள் ஆட்ட விதிகளில் எழுதப்பட்டிருப்பதால், வரைந்தது சரிதானா என்று எண்களை வைத்துச் சோதிக்கவும் முடியும்.

முதலில் அளவுகளைக் குறித்துக்கொள்வோம். மைதானத்தை 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கிடையாக வைத்து, கீழ் இடது மூலையை ஆதிப்புள்ளியாக எடுத்துக்கொள்வோம். அப்படியானால் மைதானத்தின் நடுப்புள்ளி (52.5, 34). அதைச் சுற்றிய வட்டத்தின் ஆரம் 9.15 மீட்டர். பெனால்டி புள்ளி கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர் தள்ளி இருக்கிறது. எனவே இடப்பக்கப் புள்ளி (11, 34), வலப்பக்கப் புள்ளி (94, 34). பெனால்டி கட்டம் கோல் கோட்டிலிருந்து 16.5 மீட்டர் வரை வருகிறது. மூலை வில்லின் ஆரம் 1 மீட்டர்.

எக்ஸைக் கொடுத்து ஒய்யைக் கேட்டால்

வட்டம் என்றதும் பள்ளிக்கூடச் சமன்பாடு நினைவுக்கு வரும்: எக்ஸ் வர்க்கமும் ஒய் வர்க்கமும் சேர்ந்தால் ஆரத்தின் வர்க்கம். வரைபட மென்பொருள்களோ 'எக்ஸ் இவ்வளவு என்றால் ஒய் எவ்வளவு?' என்ற கேள்விக்குப் பழகியவை. ஆகவே பலரும் சமன்பாட்டைத் திருப்பி, ஒய் = √(ஆரம்² − எக்ஸ்²) என்று எழுதிக் கொடுக்கிறார்கள். மேல் அரைவட்டம் மட்டும் வருகிறது. கீழ் அரைவட்டத்துக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டு இன்னொரு வரி எழுதுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் வட்டம் மூடாமல் வாய் பிளந்து நிற்கிறது.

இது மென்பொருளின் பிழை என்று நினைக்க வேண்டாம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். நூபிளாட் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 1986-இலிருந்து புழங்கிவரும் பழைய, உறுதியான கருவி. ஒரு சார்பை வரையச் சொன்னால், வேறெதுவும் சொல்லாதவரை அது எக்ஸ் அச்சில் சம இடைவெளியில் 100 இடங்களை எடுத்து, அங்கெல்லாம் ஒய்யைக் கணக்கிட்டு, புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைக்கும். மைதானத்தின் நீளம் முழுவதும், 0 முதல் 105 வரை, 100 புள்ளிகள் என்றால், ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு வைக்கும் ஒவ்வொரு அடியும் 1.06 மீட்டர். நடுவட்டம் 43.35-இல் தொடங்கி 61.65-இல் முடிகிறது. அந்த நீளத்துக்குள் விழும் புள்ளிகள் வெறும் 18. அவற்றில் ஓரத்தில் இருப்பது 43.48. அங்கே ஒய்யின் மதிப்பு மையத்தைவிட 1.57 மீட்டர் அதிகம். அதற்கு முந்தைய புள்ளி 42.42, அது வட்டத்துக்கு வெளியே இருக்கிறது, அங்கே வர்க்கமூலத்துக்குள் எதிர்ம எண், மென்பொருள் அதை விட்டுவிடும். மேலே 1.57, கீழே 1.57, ஆக ஒவ்வொரு ஓரத்திலும் 3 மீட்டருக்கு மேல் கோடே கிடையாது.

புள்ளிகளைக் கூட்டினால் பிளவு சுருங்கும், ஆனால் நோய் அப்படியேதான் இருக்கும். வட்டத்தின் உச்சியில் வளைகோடு கிட்டத்தட்டக் கிடையாகப் போகிறது. அங்கே எக்ஸில் ஒரு அடி வைத்தால் ஒய் கொஞ்சம்தான் மாறும். ஓரங்களில் அது செங்குத்தாக எழுந்து நிற்கிறது. அதே ஒரு அடிக்கு ஒய் மூன்று மீட்டர் தாவிவிடும். அதனால் தேவையில்லாத இடத்தில் புள்ளிகள் நெருங்கி நிற்கும், தேவைப்படும் இடத்தில் அவை இருக்காது. வட்டத்தின்மேல் சீராக நடக்க எக்ஸ் அச்சு நல்ல வழிகாட்டி இல்லை.

கோணத்தின் வழியே நடப்பது

கவராயம் வைத்து வரையும்போது நாம் எக்ஸைப் பற்றி யோசிப்பதே இல்லை. ஊசியை மையத்தில் ஊன்றி, ஆரத்தை அளந்து வைத்து, கையைச் சுற்றுகிறோம். மாறுவது கோணம் ஒன்றுதான். மென்பொருளிடமும் அதையே கேட்க வேண்டும்: 'கோணம் இவ்வளவு என்றால், எக்ஸ் எங்கே, ஒய் எங்கே?'

எக்ஸ் = மையத்தின் எக்ஸ் + ஆரம் × கொசைன்(கோணம்)
ஒய் = மையத்தின் ஒய் + ஆரம் × சைன்(கோணம்)

பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் இதைத் துணையலகு வடிவம் என்பார்கள். உள்ளே இருப்பது ஒரு செங்கோண முக்கோணம், அவ்வளவுதான். மையத்திலிருந்து வட்டத்தின்மேல் உள்ள புள்ளிக்குப் போகும் ஆரம் கர்ணம். பக்கவாட்டில் எவ்வளவு நகர்ந்தோம் என்பது கொசைன் தருவது, மேலே எவ்வளவு ஏறினோம் என்பது சைன் தருவது. கோணம் வலப்பக்கம் நோக்கிய திசையில் 0-இல் தொடங்கி, இடஞ்சுழியாக வளர்கிறது. 90 டிகிரி என்றால் நேர் மேலே, 180 என்றால் இடப்பக்கம், 270 என்றால் நேர் கீழே.

நடுவட்டத்துக்குச் சில புள்ளிகளைக் கையாலேயே போட்டுப் பாருங்கள். 0 டிகிரியில் (61.65, 34). 30 டிகிரியில் (60.42, 38.58). 60 டிகிரியில் (57.08, 41.92). 90 டிகிரியில் (52.5, 43.15). இந்த நான்கையும் தாளில் குறித்து இணைத்தாலே கால்வட்டத்தின் உருவம் தெரிந்துவிடும். மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் இப்படி நாலைந்து புள்ளிகளைக் கையால் கணக்கிடும்படி நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன். பிறகு திரையில் ஏதாவது கோணலாகத் தெரிந்தால், தவறு எண்ணிலா அமைப்பிலா என்று உடனே பிரித்துச் சொல்ல முடியும்.

முழு வட்டத்துக்குக் கோணம் 0 முதல் 360 வரை. வில்லுக்கு அதில் ஒரு பகுதி. கீழ் இடது மூலையில் உள்ள மூலை வில்லுக்கு மையம் (0, 0), ஆரம் 1, கோணம் 0 முதல் 90. கீழ் வலது மூலையில் மையம் (105, 0), வில் மைதானத்துக்கு உள்ளே இருக்க வேண்டும் என்பதால் 90 முதல் 180. மேல் வலதில் 180 முதல் 270. மேல் இடதில் 270 முதல் 360. நான்கு மூலைகளுக்கும் 0–90 என்றே கொடுத்துவிட்டால் மூன்று வில்கள் மைதானத்துக்கு வெளியே போய் விழும்.

டிகிரியா ரேடியனா

மேலே எல்லாவற்றையும் டிகிரியில் சொன்னேன். ஆனால் நிரலில் சைன், கொசைன் சார்புகள் அநேகமாக ரேடியன் என்ற இன்னொரு கோண அலகைத்தான் எதிர்பார்க்கும். பைத்தான் நிரல்மொழியின் கணித நூலகமான நம்பையும் அப்படியே, நூபிளாட்டும் நாம் மாற்றச் சொல்லாதவரை அப்படியே. மாற்றுவது எளிது: டிகிரியை பையால் (π) பெருக்கி 180-ஆல் வகுக்க வேண்டும். மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது, ஏனென்றால் எந்தப் பிழைச்செய்தியும் வராது. பின்னால் வரும் 'டி' வில்லுக்காக −53 முதல் 53 டிகிரி வரை கொடுத்த 50 புள்ளிகளை ரேடியன் என்று மென்பொருள் எடுத்துக்கொண்டால், அது வட்டத்தைக் கிட்டத்தட்ட 17 முறை சுற்றிவரும். ஒவ்வொரு அடியும் சுமார் 124 டிகிரி. திரையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிய முக்கோணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கோலம் வரும். வில் கேட்ட இடத்தில் இப்படி ஒரு கோலம் வந்தால், சந்தேகமே வேண்டாம், கோண அலகுதான் காரணம்.

நூபிளாட்டில் துணையலகு முறைக்கு மாறினால் இன்னொரு விஷயம் உண்டு. எல்லை எதுவும் குறிப்பிடாவிட்டால் அது துணையலகை, அதாவது இங்கே கோணத்தை, −5 முதல் 5 வரை ஓட்டும். ரேடியனில் அது ஒரு முழுச் சுற்றுக்கும் மேல். ஆகவே வில் கேட்டவருக்கு முழு வட்டம் வந்து நிற்கும். அலகை டிகிரிக்கு மாற்றிவிட்டு எல்லையை அப்படியே விட்டால், 10 டிகிரி அளவுக்கு ஒரு சின்னக் கீற்று மட்டும் தெரியும். எல்லையை நாமே எழுதுவதுதான் ஒரே வழி.

'டி' எங்கே தொடங்கி எங்கே முடிகிறது

மைதானத்தில் எனக்கு மிகவும் பிடித்த கோடு இந்த 'டி'. இது 1937-இல் விதிகளில் சேர்ந்தது. பெனால்டி உதைக்கும்போது மற்ற ஆட்டக்காரர்கள் பந்திலிருந்து 9.15 மீட்டர் விலகி நிற்க வேண்டும். பெனால்டி கட்டத்தின் கோடோ புள்ளியிலிருந்து 5.5 மீட்டர்தான். கட்டத்துக்கு வெளியே நின்றாலும் தூரம் போதாத இடம் ஒன்று இருக்கிறது. அதை அடைப்பதற்காகத்தான் அந்த வில். ஆகவே அது பெனால்டி புள்ளியை மையமாகக் கொண்ட வட்டத்தின் ஒரு துண்டு. அதன் மையம் பெனால்டி கட்டத்துக்கு உள்ளே இருப்பதை விட்டுவிட்டு, கோட்டின்மேலேயே மையத்தை வைத்து அரைவட்டமாக வரைந்த படங்களை இணையத்தில் நிறையப் பார்க்கலாம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தவறு.

தொடக்கக் கோணமும் முடிவுக் கோணமும் விதிகளில் எழுதப்படவில்லை. நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். இடப்பக்க 'டி'யின் மையம் (11, 34). வில் பெனால்டி கோட்டைத் தொடும் இடத்தில் எக்ஸ் 16.5. அதாவது மையத்திலிருந்து பக்கவாட்டில் 5.5 மீட்டர், கர்ணம் 9.15 மீட்டர். கொசைன் = 5.5 ÷ 9.15 = 0.601. கணிப்பானில் நேர்மாறு கொசைனை அழுத்தினால் 53.05 டிகிரி. எனவே வில் −53.05 முதல் +53.05 வரை. உயரத்துக்கு பிதாகரஸ்: 9.15² − 5.5² = 53.47, அதன் வர்க்கமூலம் 7.31. வில்லின் முனைகள் (16.5, 26.69), (16.5, 41.31). நீங்கள் வரைந்த படத்தைப் பெரிதாக்கி, வில் இந்த இரண்டு இடங்களில் கோட்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் வேலை சரி. வில்லின் நடுப்பகுதி கோல் கோட்டிலிருந்து 11 + 9.15 = 20.15 மீட்டரில் இருக்க வேண்டும். இது இரண்டாவது சோதனை.

சிலர் இந்தக் கணக்கைத் தவிர்க்க முழு வட்டத்தையே வரைந்து, அதன்மேல் பின்னணி நிறத்தில் ஒரு செவ்வகத்தை வைத்து மறைத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பின்னணி நிறம் மாறினால் குட்டு வெளிப்படும். தரவுப் புள்ளிகளில் சிலவும் அந்தச் செவ்வகத்துக்கு அடியில் காணாமல் போகும். ஆய்வுப் படத்தில் அது பெரிய குற்றம். ஒரு நேர்மாறு கொசைனுக்குப் பயந்து இவ்வளவு விலை கொடுக்கத் தேவையில்லை.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது

−53.05 டிகிரியும் 306.95 டிகிரியும் ஒரே திசைதான், ஒன்றோடு 360-ஐக் கூட்டினால் மற்றது. ஆனால் வில் வரையும்போது இரண்டும் ஒன்றாகிவிடாது. கோணங்களை நீங்களே சம இடைவெளியில் பட்டியலிட்டு, 306.95-இல் தொடங்கி 53.05-இல் முடி என்று சொன்னால், எண்கள் இறங்குமுகமாகப் போகும்: 306.95, பிறகு 270, 180, 90, கடைசியில் 53.05. கேட்டது 106 டிகிரி அகலமுள்ள சின்ன வில். கிடைப்பது மறுபக்கம் சுற்றிவந்த 254 டிகிரி பெரிய வில். 0 டிகிரியைத் தாண்டும் எந்த வில்லுக்கும் இந்த ஆபத்து உண்டு. இடப்பக்க 'டி' சரியாக 0-ஐத் தாண்டுகிறது. வலப்பக்க 'டி' தாண்டுவதில்லை, அதற்கு 126.95 முதல் 233.05 வரை என்று தயங்காமல் கொடுக்கலாம். ஒரு பக்கம் சரியாக வந்து மறுபக்கம் மட்டும் பிசகுவதன் காரணம் இதுதான்.

மென்பொருளின் ஆயத்த வில் கட்டளைகள் இதில் வேறு மாதிரி. பைத்தானில் படம் வரையும் நூலகமான மேட்பிளாட்லிப்பின் 'ஆர்க்', நூபிளாட்டின் வட்டப் பொருளில் வரும் 'ஆர்க்' இரண்டும் எப்போதும் தொடக்கக் கோணத்திலிருந்து முடிவுக் கோணம்வரை இடஞ்சுழியாகத்தான் போகும். அங்கே 306.95, 53.05 என்று கொடுத்தாலும் சின்ன வில்தான் வரும். ஆனால் இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால் வட்டத்தின் மிச்சப் பகுதி வந்துவிடும். வில் என்றால் மையம், ஆரம், இரண்டு கோணங்கள், இவற்றோடு ஒரு திசையும் சேர்ந்தது என்று மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவியைத் தொட்டாலும், இந்த ஐந்தையும் அது எந்த வடிவில் கேட்கிறது என்று முதலில் தேடினால் கையேட்டில் பாதியைப் படித்த மாதிரி.

முட்டையாகும் வட்டம்

எல்லாக் கணக்கும் சரி, ஆனாலும் திரையில் வட்டம் முட்டைபோல இருக்கிறது. இது அநேகமாக எல்லோருக்கும் நடக்கும். மென்பொருள் எக்ஸ் அச்சையும் ஒய் அச்சையும் தனித்தனியாக இழுத்துப் படச்சட்டத்துக்குள் நிரப்புகிறது. மேட்பிளாட்லிப் தானாகத் தரும் படம் 6.4 அங்குல அகலம், 4.8 அங்குல உயரம். அதில் ஓர இடங்கள் போக மிஞ்சும் சட்டத்தில் 105 × 68 மைதானத்தை நிரப்பினால், ஒய் திசையில் ஒரு மீட்டர், எக்ஸ் திசையில் ஒரு மீட்டரைவிட சுமார் 15 சதவீதம் நீளமாகிவிடும். நடுவட்டம் நின்ற முட்டையாகத் தெரியும். இரண்டு அச்சுகளிலும் ஒரு மீட்டருக்கு ஒரே நீளம் என்று சொல்லிவிட வேண்டும். மேட்பிளாட்லிப்பில் அச்சு விகிதத்தை 'ஈக்வல்' என்று வைத்தால் போதும். நூபிளாட்டில் அளவு விகிதத்துக்கு −1 கொடுக்க வேண்டும். 1 கொடுத்தால் சட்டம்தான் சதுரமாகும், அலகுகள் சமமாகாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நூபிளாட்டில் இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது. அதன் ஆயத்த வட்டம் ஆரத்தை எக்ஸ் அச்சின் அலகில் எடுத்துக்கொண்டு, ஒய் அச்சின் அலகைப் பார்க்காமலே, திரையில் எப்போதும் உருண்டையாக வரையும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அலகுகள் சமமில்லாத படத்தில் அந்த உருண்டை தவறான இடங்கள் வழியாகப் போகிறது. 'டி'யின் முனை 41.31-க்குப் பதில் வேறு எங்கோ முடியும். உருண்டையாகத் தெரிவதை மட்டும் நம்பி விட்டுவிடாமல், முனைகளின் எண்ணைச் சரிபார்க்கச் சொல்வது இதனால்தான்.

எல்லாத் தரவும் மீட்டரில் வருவதில்லை. மைதானத்தின் நீளத்தையும் அகலத்தையும் இரண்டையுமே 0 முதல் 100 என்று வைத்துத் தரும் தரவுகள் உண்டு. நேர் விகிதத்தில் மாற்றினால், நடுவட்டத்துக்கு எக்ஸ் திசையில் ஆரம் 8.71, ஒய் திசையில் 13.46. எண்களின் உலகில் அது நீள்வட்டம். மைதானத்தின் உண்மையான விகிதத்தில் படத்தை விரித்தால் மறுபடி வட்டம். மேலே எழுதிய இரண்டு வரிகளில் கொசைனுக்கு ஒரு ஆரம், சைனுக்கு இன்னொரு ஆரம் என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

மேட்பிளாட்லிப்பின் 'ஆர்க்' கட்டளை ஒற்றை ஆரத்துக்குப் பதில் அகலம், உயரம் என்று இரண்டு எண்களைக் கேட்பதன் பயனும் இதுதான்: அதனால் நீள்வட்ட வில்லையும் வரைய முடியும். இங்கே ஒரு எச்சரிக்கை. அகலம் என்பது முழு விட்டம். 9.15 என்று கொடுத்தால் பாதி அளவில் ஒரு வட்டம் வரும், 18.3 கொடுக்க வேண்டும். கோணங்கள் இங்கே டிகிரியில். ஒரே பைத்தான் கோப்பில் கொசைன் ரேடியனைக் கேட்கும், பக்கத்து வரியில் 'ஆர்க்' டிகிரியைக் கேட்கும், கவனம் தேவை. 'ஆர்க்' வெறும் கோடு, அதற்குள் நிறம் நிரப்ப முடியாது. வட்டக்கோணப்பகுதி நிறத்தோடு வேண்டுமென்றால் 'வெட்ஜ்' என்று தனிக் கட்டளை இருக்கிறது, அது ஆரத்தைத்தான் கேட்கும். நூபிளாட்டின் வில்லோ தானாகவே முனைகளிலிருந்து மையத்துக்கு இரண்டு ஆரங்களையும் இழுத்துவிடும். 'டி'க்கு அது வேண்டாம் என்பதால் 'நோவெட்ஜ்' என்று சேர்க்க வேண்டும்.

உண்மையில் எல்லாம் சின்னச் சின்ன நேர்க்கோடுகள்

கோணங்களைப் பட்டியலிட்டு நாம் வரையும் வில் உண்மையில் வளைந்ததே இல்லை. பல சிறிய நாண்கள் ஒட்டி நின்று வளைவுபோலத் தெரிகிறது. அப்படியானால் எத்தனை புள்ளிகள் போதும்? நாணுக்கும் உண்மையான வில்லுக்கும் நடுவில் உள்ள அதிகபட்ச இடைவெளியைக் கணக்கிட்டால் விடை கிடைக்கும்: ஆரம் × (1 − கொசைன்(அடியின் பாதி)).

நடுவட்டத்தை 30 டிகிரி அடிகளில் வரைந்தால் அது பன்னிரண்டு பக்க வடிவம். இடைவெளி 31 சென்டிமீட்டர். ஒரு மீட்டருக்கு 10 படப்புள்ளிகள் (பிக்சல்கள்) என்ற அளவில் திரையில் காட்டினால் அது 3 படப்புள்ளி, கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். 10 டிகிரி அடிக்கு இடைவெளி 3.5 சென்டிமீட்டர், அதாவது ஒரு படப்புள்ளியில் மூன்றில் ஒரு பங்கு. 5 டிகிரிக்கு வெறும் 9 மில்லிமீட்டர். அடியைப் பாதியாக்கினால் பிழை நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. அதனால்தான் கொஞ்சம் புள்ளிகளைக் கூட்டியதுமே வில் வழவழப்பாகிவிடுகிறது. முழு வட்டத்துக்கு 100 புள்ளிகள் வைத்தால் திரைக்கும் அச்சுக்கும் போதும். ஆயிரக்கணக்கில் வைப்பதால் கோப்பு பெருப்பதைத் தவிரப் பலன் இல்லை.

இந்தக் கணக்கு இன்றைய திரைகளைவிடப் பழையது. பேனாவை மோட்டாரால் நகர்த்திக் காகிதத்தில் வரையும் பிளாட்டர் இயந்திரங்களும் இதை எதிர்கொண்டன. ஐபிஎம்மில் வேலை பார்த்த ஜாக் பிரெசன்ஹாம், கால்காம்ப் நிறுவனத்தின் பிளாட்டரை ஓட்டுவதற்காக 1962-இல் ஒரு நேர்க்கோட்டு வழிமுறையை உருவாக்கினார். பேனா ஒரு நேரத்தில் ஒரு சின்ன அடிதான் வைக்கும். எந்த அடி எந்தப் பக்கம் என்பதை முழு எண்களின் கூட்டல் கழித்தலிலேயே முடிவு செய்யும் அழகான முறை அது. வட்டவில்களுக்கான அவருடைய வழிமுறை 1977-இல் வெளியானது. அதில் சைனும் இல்லை, கொசைனும் இல்லை. பிறகு ஹெச்பி பிளாட்டர்களுக்கான கட்டளை மொழியில் வட்டத்துக்கும் வில்லுக்கும் தனிக் கட்டளைகள் வந்தன. அவற்றில் நாணின் கோணத்தை நாமே குறிப்பிடலாம். குறிப்பிடாவிட்டால் 5 டிகிரி, அதாவது ஒரு வட்டத்துக்கு 72 நாண்கள். மேலே போட்ட கணக்கில் 5 டிகிரிக்குக் கிடைத்த 9 மில்லிமீட்டரைப் பார்த்தால், அந்தத் தேர்வு எவ்வளவு பொருத்தமானது என்பது புரியும்.

இன்றைய ஆயத்த வில் கட்டளைகள் பலவும் நாண்களுக்குப் பதில், சில கட்டுப்பாட்டுப் புள்ளிகளால் வடிவம் பெறும் பெசியர் வளைகோடுகளைக் கொண்டு வில்லை அமைக்கின்றன, மேட்பிளாட்லிப்பும் அப்படித்தான். கால்வட்டத்துக்கு ஒரு முப்படிப் பெசியர் துண்டு வைத்தால், ஆரத்தில் பிழை 0.03 சதவீதத்துக்கும் குறைவு. துல்லியமான வட்டம் அதிலும் வராது, ஆனால் கண்ணால் கண்டுபிடிக்க இயலாது.

மையம் தெரியாதபோது

இணையப் பக்கங்களில் படம் வரையும் எஸ்விஜி வடிவம் வில்லுக்கு மையத்தையே கேட்பதில்லை. தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி, ஆரம் ஆகியவற்றைத்தான் கேட்கும். 'டி'க்கு (16.5, 26.69), (16.5, 41.31), ஆரம் 9.15. இந்த இரண்டு புள்ளிகள் வழியாகவும் அதே ஆரத்தில் இரண்டு வட்டங்கள் போக முடியும்: ஒன்றின் மையம் (11, 34), மற்றதன் மையம் (22, 34). ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வில், ஒரு பெரிய வில். மொத்தம் நான்கு விடைகள். அதில் எது வேண்டும் என்று சொல்வதற்காகத்தான் எஸ்விஜி இரண்டு 0/1 எண்களைக் கேட்கிறது: பெரிய வில்லா என்பது ஒன்று, கோணம் கூடும் திசையா என்பது இன்னொன்று. 'டி' சின்ன வில் என்பதால் முதலாவது 0. எஸ்விஜியில் ஒய் கீழ்நோக்கி வளர்கிறது. அதனால் கோணம் கூடும் திசை கண்ணுக்கு வலஞ்சுழியாகத் தெரியும். மேல் முனையிலிருந்து வலப்பக்கமாகப் புடைத்துக் கீழ் முனைக்கு வருவது வலஞ்சுழி, ஆகவே இரண்டாவது 1. தடுமாற்றமாக இருந்தால் நான்கு சேர்க்கைகளையும் நான்கு நிறங்களில் ஒரே படத்தில் வரைந்து பாருங்கள். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. கொடுத்த ஆரம் இரண்டு புள்ளிகளின் தூரத்தில் பாதியைவிடச் சிறியதாக இருந்தால் அப்படி ஒரு வட்டமே கிடையாது; எஸ்விஜி பிழை சொல்லாமல் ஆரத்தைப் பெரிதாக்கி வரைந்துவிடும்.

மூன்று புள்ளிகள் மட்டும் தெரிந்தால், இரண்டு நாண்களின் மையக்குத்துக்கோடுகள் வெட்டும் இடம் மையம். ஜியோஜீப்ரா என்ற வடிவியல் மென்பொருளில் இதற்கென்றே தனிக் கருவி உண்டு. மையமும் இரண்டு புள்ளிகளும் கொடுக்கும் இன்னொரு கருவியும் அதில் இருக்கிறது; அங்கே கடைசிப் புள்ளி வில்லின்மேல் இருக்க வேண்டியதில்லை, அது எந்தத் திசையில் நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் காட்டுகிறது.

மைதானம் முடிந்துவிட்டால் அடுத்ததாகக் கூடைப்பந்துக் களத்தின் மூன்று புள்ளிக் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் (FIBA) விதிப்படி களம் 28 × 15 மீட்டர். வளையத்தின் நேர் கீழ்ப்புள்ளி மையம், அது பின்கோட்டிலிருந்து 1.575 மீட்டர், ஆரம் 6.75. ஆனால் வில் பின்கோடுவரை போவதில்லை. பக்கக்கோட்டிலிருந்து 0.9 மீட்டர் உள்ளே இரண்டு நேர்க்கோடுகள் வந்து வில்லோடு சேர்கின்றன. களத்தின் நடுவிலிருந்து அந்த நேர்க்கோடு 6.6 மீட்டர். சைன் = 6.6 ÷ 6.75, கோணம் 77.9 டிகிரி; ஆக வில் −77.9 முதல் 77.9 வரை. சேரும் இடம் மையத்திலிருந்து √(6.75² − 6.6²) = 1.415 மீட்டர் முன்னால். நேர்க்கோட்டைப் பின்கோட்டில் தொடங்கி 2.99 மீட்டரில் நிறுத்தினால், வில் அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும்.